கடைமடையிலிருந்து மலைக்கு: நாயுடன் நடப்போர் அறிய வேண்டியவை

மலைத்தடத்தில் நாயுடன் நடக்கும்போது இரண்டு வேறு உடல்களும் இரண்டு வேறு புலன்களும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. மனிதர் மலையைக் கண்ணால் பார்க்கிறார். நாய் மூக்கால் அறிகிறது. நேற்றிரவு கடந்துபோன காட்டுப்பன்றி, விடியலில் புதருக்குள் நுழைந்த முயல், மேலே பாறை இடுக்கில் படுத்திருக்கும் சிறுத்தை எல்லாமே அதற்கு அந்த நேரத்துச் செய்திகள். இந்த வேறுபாடு தெரிந்தவருக்கு நாய் நல்ல வழித்துணை. தெரியாதவர் அழைத்துச் செல்லும் நாய் தனக்கும், தன்னை அழைத்து வந்தவருக்கும், காட்டுக்கும் ஆபத்தாகிவிடுகிறது.

காரைக்கால் மாவட்டத்தில் திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த போலகம் போன்ற ஊரில் வளரும் நாய்க்கு மேடு என்றால் ஆற்றங்கரைதான். கடல் மட்டத்துக்கு மேல் சில மீட்டர் மட்டுமே எழும்பிய வண்டல் நிலம். காவிரியின் கிளைகள் கடலைத் தொடும் கடைமடை. இங்கிருந்து மலை என்று சொல்லத்தக்க எதையும் பார்க்க, திருச்சி தாண்டிப் பச்சைமலைக்கோ, நாமக்கல் தாண்டிக் கொல்லிமலைக்கோ, சேலம் தாண்டி ஏற்காட்டுக்கோ போக வேண்டும். வீட்டு நாயைக் குடும்பத்தில் ஒருவராக எண்ணும் வழக்கம் பெருகியதோடு, பொங்கல் விடுமுறைக்கு மலைக்குப் போகும்போது அதையும் கூட்டிச்செல்லும் ஆசையும் வந்திருக்கிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் சமவெளி நாயை ஒரே நாளில் 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி நடக்கவைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன.

மலைப்பாதையில் மனிதரோடு நாய் சேர்ந்து நடக்கும் காட்சி தமிழுக்குப் பழையது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில், தினைப்புனம் காக்கும் பெண்களை வேட்டை நாய்கள் சூழ்ந்துகொள்ள, அவர்கள் அஞ்சி நடுங்கும் இடத்தில்தான் தலைவன் வந்து சேர்கிறான். பாரதத்தில் தருமன் இமயத்தை நோக்கி நடந்த கடைசிப் பயணத்தில் இறுதிவரை உடன் வந்தது நாய். சதுரகிரி ஏறும் பக்தர்களிடம் இன்றும் ஒரு நம்பிக்கை உண்டு: வழி தவறியவருக்குப் பைரவரே நாய் வடிவில் வந்து முன்னே நடந்து வழிகாட்டுவார் என்று.

கதைகளுக்கு வெளியே, மலை நாய்கள் எல்லாமே வேலைக்காரர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துத் தேனி மாவட்டக் கோம்பை ஊரின் பெயரைத் தாங்கிய கோம்பை நாய், காட்டுப்பன்றியை எதிர்க்கவும் தோட்டத்தைக் காக்கவும் வளர்க்கப்பட்டது. தன் பெயரில் ஒரு நாய் இனத்தைக் கொண்ட ராஜபாளையமும் அதே மலைத்தொடரின் காலடியில் இருக்கும் ஊர்தான். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டின் ஓட்ட நாய்கள். முயல் துரத்தப் பிறந்தவை. இமாசலப் பிரதேசத்தில் கத்தி எனப்படும் இடையர் இனத்தார் கோடையில் ஆட்டு மந்தையை உயர்ந்த மேய்ச்சல் வெளிகளுக்கு ஓட்டிச் செல்லும்போது அடர்ந்த மயிருள்ள காவல் நாய்கள் கூடவே போகின்றன. சிறுத்தை கழுத்தைக் கவ்வாதபடி அவற்றுக்கு இரும்பு முள் வைத்த கழுத்துப்பட்டை அணிவிப்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் ஊட்டியின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளிகளில் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ஃபாக்ஸ்ஹவுண்ட் நாய்க் கூட்டங்கள் நரியைத் துரத்தின. பின்னால் குதிரைகளில் துரைமார் ஓடினார்கள்.

இவற்றில் எந்த நாயும் இயற்கைக் காட்சி பார்க்க மலையேறவில்லை. ஒவ்வொன்றும் துரத்தவோ காக்கவோ ஏறியது. அந்த உந்துதல் இன்றும் அவற்றின் உடம்பில் இருக்கிறது. பொழுதுபோக்காக மலைக்குப் போகும் நாயின் பெரும்பாலான சிக்கல்கள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

காட்டுக்குள் ஏன் கூடாது

முதலில் தெளிவாக வேண்டியது இடம். தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்குள் வளர்ப்பு நாயை அழைத்துச் செல்லக் கூடாது. முதுமலை, ஆனைமலை, முக்கூர்த்தி என்று தமிழ்நாட்டின் புகழ்பெற்ற மலைக்காடுகள் பலவும் இந்த வகைக்குள் வருகின்றன. கொடைக்கானலைச் சுற்றிய காடுகள் 2013இல் சரணாலயமாயின. சதுரகிரிப் பாதை 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. காப்புக்காட்டில் மனிதர் நடப்பதற்கே அனுமதி வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 20 பேருக்கு மேல் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தமிழ்நாடு அரசு தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வன அனுபவக் கழகம் 40 தடங்களை வழிகாட்டிகளோடும் இணையவழி முன்பதிவோடும் திறந்தது. அவை காட்டுக்குள் செல்லும் தடங்கள். நாயோடு நடக்க நினைப்பவர் அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதே சரி.

இந்தத் தடையைச் சிலர் வெறும் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். அது உண்மையல்ல, அதற்குப் பின்னால் வலுவான காரணங்கள் உண்டு.

முதல் காரணம் சட்டம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில் கொல்வது, பிடிப்பது மட்டுமல்ல, துரத்துவதும் விரட்டுவதும் அதற்கான முயற்சியும் அடக்கம். கட்டவிழ்த்துவிட்ட சிப்பிப்பாறை ஒரு முயலைத் துரத்தி ஓடினால், நாயின் சொந்தக்காரருக்கு அது விளையாட்டு. வனத்துறைக்கு அது நாயை வைத்து நடந்த வேட்டை. நாயை ஏவி முயலும் மிளாவும் பிடிப்பது மலையடிவாரங்களில் இன்றும் நடக்கும் குற்றம் என்பதால், காட்டோரம் நாயோடு திரிபவரை வனக்காவலர் ஐயத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் நோய். டிஸ்டெம்பர், பார்வோ, ரேபீஸ் ஆகிய மூன்றும் நாயிடமிருந்து காட்டு விலங்குக்குப் போகக்கூடியவை. கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் 1994இல் பரவிய டிஸ்டெம்பரால் அங்கிருந்த சிங்கங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மாண்டது. குஜராத்தின் கிர் காட்டில் 2018 செப்டம்பர், அக்டோபரில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது அங்கும் டிஸ்டெம்பர் கண்டறியப்பட்டது. நம் மலைகளில் இந்த நோய்களுக்கு எளிதில் இரையாகக்கூடியது செந்நாய். அது கூட்டமாக வாழ்வதால் ஒன்றுக்கு வந்தது அனைத்துக்கும் வரும். தடுப்பூசி போட்ட நாய் என்றாலும், அதன் காலில் ஒட்டியும் மயிரில் ஏறியும் வரும் உண்ணியையும், வழியில் விட்டுச் செல்லும் மலத்தையும் தடுப்பூசி தடுக்காது.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கயிற்றில் கட்டி, துரத்தாமல், குரைக்காமல் நடக்கும் நாய்கூட மற்ற உயிர்களுக்கு அச்சம் தருகிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி அருகே காட்டுப் பாதைகளில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வு, கயிற்றில் கட்டிய நாயோடு மனிதர் நடந்துபோன பிறகு அங்கே தென்பட்ட பறவை இனங்கள் 35 விழுக்காடும், பறவைகளின் எண்ணிக்கை 41 விழுக்காடும் குறைந்ததைப் பதிவுசெய்தது. அமெரிக்காவின் கொலராடோவில், நாய்களை அனுமதித்த தடங்களில் இருபுறமும் 100 மீட்டர் வரை மான்களின் நடமாட்டம் குறைந்திருந்தது. இந்தியாவில் பெங்களூரின் ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்கள் பங்கேற்ற 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, நாய்களின் தாக்குதலுக்கு உள்ளானவையாக 80 காட்டுயிர் இனங்களைக் கணக்கிட்டது. அவற்றுள் 31 அழிவின் விளிம்பை நெருங்கிவரும் இனங்கள்.

நாயை நேசிப்பவருக்குக் கசப்பாக இருந்தாலும் இதை ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும். காடு நாயின் இடமல்ல. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலானவை தடங்களில் நாயை அனுமதிப்பதில்லை. அங்கே நாயோடு நடப்பவர்கள் பூங்காவுக்கு வெளியிலுள்ள தேசியக் காடுகளுக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டில் அதற்கு ஈடானவை மலைமேல் மனிதர் வாழும் ஊர்களும் அவற்றை இணைக்கும் பாதைகளும்.

நடக்கத்தக்க மலைகள்

அந்த வகையில் டெல்டாக்காரர்களுக்கு மிகப் பொருத்தமானது கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் வருவது ஆளில்லாத காடல்ல. செம்மேடு, வளவந்திநாடு என்று மலையாளிப் பழங்குடியினர் நெல்லும் சாமையும் மிளகும் விளைவிக்கும் நாடுகள். ஊருக்கு ஊர் பஞ்சாயத்துச் சாலைகளும் வயல் வரப்புகளும் வண்டித்தடங்களும் ஓடுகின்றன. சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம் என்பதால் காற்று குளிர்ந்திருக்கும், மூச்சு வாங்காது. ஆனால் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் 1,000க்கும் மேற்பட்ட படிகள் செங்குத்தானவை, ஈரமானவை, கூட்டம் நிறைந்தவை. நாயை அங்கே இறக்காமல் இருப்பதே நல்லது.

ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்கு இடையே செல்லும் சுற்றுச்சாலையும், தோட்ட உரிமையாளர் அனுமதித்தால் உள்பாதைகளும் நடக்க ஏற்றவை. பச்சைமலை ஆள் நடமாட்டம் குறைந்த, இன்னும் எளிமையான மலை. நீலகிரியின் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாதைகள் அழகானவை என்றாலும் காட்டெருமையும் சிறுத்தையும் அங்கே தோட்டத்துக்குள்ளேயே திரிவதால், முதன்முறை மலைக்கு வரும் நாய்க்கு அவை உகந்தவை அல்ல. தேயிலையிலும் காப்பியிலும் பூச்சிமருந்து தெளித்த நாளில் நாயை நடத்தக் கூடாது. தோட்டக் கண்காணியைக் கேட்டுவிட்டு இறங்குவது வழக்கமாக வேண்டும்.

மலைக் கிராமங்களுக்கென்று ஒழுங்குகள் உண்டு. கொல்லிமலை ஊர்களில் கோயிற்காடுகள் இருக்கின்றன. செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு நுழையும் அந்த இடங்களுக்கு அருகே நாயைக் கொண்டுபோகக் கூடாது. ஊர் குடிக்கும் ஊற்றில் நாயை இறக்கிவிடக் கூடாது. அதன் கழிவைப் பையில் அள்ளிக் கொண்டுவர வேண்டும். ஆடு மாடு மேயும் இடத்தில் விலகிச் சுற்றிப் போக வேண்டும். ஒரு வீட்டு ஆட்டுக்குட்டியை நாய் கடித்துவிட்டால், காசு கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது அந்த ஊரின் வாழ்வை மதிக்காத செயல்.

எந்த நாய், எவ்வளவு பழக்கம்

எல்லா நாய்க்கும் மலை பொருந்தாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் சமவெளியில் வேகமாக நடந்தாலே மூச்சுக்குத் திணறுபவை. ஏற்றம் அவற்றுக்கு உயிராபத்து. ஒரு வயது நிறையாத குட்டிகளின் எலும்பு முனைகள் இன்னும் இறுகியிருக்காது; பெரிய உடல்வாகு கொண்ட இனங்களில் அது ஒன்றரை வயது வரைகூட நீளும். அதற்குமுன் நெடுந்தூர ஏற்ற இறக்கம் மூட்டுகளைக் கெடுக்கும். வயதான நாய்க்கும் இடுப்பு, முழங்கால் வலி உள்ள நாய்க்கும் இறக்கம்தான் பெருந்துன்பம். உடல் எடையில் பெரும்பகுதியை நாய் முன்னங்கால்களில் தாங்குகிறது. கீழே இறங்கும்போது அந்தச் சுமை இன்னும் முன்னே சாய்கிறது.

நம் நாட்டு நாய்கள், பெயர் சொல்லும் இனமாக இருந்தாலும் சாதாரணத் தெருநாயாக இருந்தாலும், நடைக்குச் சளைத்தவை அல்ல. மெலிந்த உடம்பு, நீண்ட கால், குட்டை மயிர் எல்லாம் வெப்பத்தில் ஓடுவதற்கென்றே அமைந்தவை. ஆனால் அதே குட்டை மயிர் குளிருக்குப் போதாது. 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் தோராயமாக 6 டிகிரி செல்சியஸ் குறையும். மார்கழி, தை மாதங்களில் கொல்லிமலை இரவில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நடுங்கும். படுக்க ஒரு தடித்த சாக்கும் போர்த்த ஒரு கம்பளியும் எடுத்துப்போக வேண்டும்.

மலைக்கான பழக்கத்தைச் சமவெளியில் உண்டாக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்பதுதான் பதில். கடைமடை நிலத்திலேயே அதற்கான களங்கள் இருக்கின்றன. திருமலைராயன்பட்டினத்துக் கிழக்கே கடற்கரை மணலில் நடப்பது பின்னங்கால் தசையை உரமாக்கும். கால் புதையும் மணலில் அரைமணி நேரம் என்பது தார்ச்சாலையில் ஒருமணி நேரத்துக்கு மேலான உழைப்பு. திருமலைராஜன் ஆற்றங்கரையின் சரிவில் குறுக்காக ஏறி இறங்குவது மலையின் ஏற்ற இறக்கத்துக்கான சிறிய ஒத்திகை. வயல் வரப்பு இன்னும் அருமையான பள்ளிக்கூடம்: ஒற்றையடி அகலத்தில், மனிதருக்குப் பின்னால், இழுக்காமல், பக்கத்தில் தாவாமல் நடக்க நாய் அங்கேதான் கற்கும். மலைச்சரிவில் ஒரு பக்கம் பள்ளம் இருக்கும் பாதையில் இந்தப் பாடம்தான் உயிர் காக்கும்.

நடையைவிட முக்கியமானது அடக்கம். சம்பா அறுவடை முடிந்ததும் டெல்டா வயல்களில் வாத்துக் கூட்டங்களை மேய்ச்சலுக்கு இறக்குவார்கள். நூற்றுக்கணக்கான வாத்துகள் கத்திக்கொண்டு ஓடும் வயலைக் கடந்து, கயிறு இறுகாமல் நடந்துவரும் நாய் மலைக்குத் தயார். வாத்தைக் கண்டதும் பாயும் நாய் மலையில் மயிலைக் கண்டதும் பள்ளத்தில் பாயும். இந்தத் தேர்வில் தேறும்வரை பயணத்தைத் தள்ளிவைப்பதே நேர்மை. சில வாரங்களில் பழகிவிடும் நாயும் உண்டு, பல மாதங்கள் எடுத்துக்கொள்ளும் நாயும் உண்டு. என்றுமே பழகாத நாய்க்குக் கடற்கரையே போதும்.

பாதங்களுக்கும் நாள் கொடுக்க வேண்டும். வண்டலிலும் மணலிலும் நடந்த நாயின் உள்ளங்கால் மெத்தென்றிருக்கும். கருங்கல் சரளையில் ஒரே நாளில் உரிந்துவிடும். கப்பிச் சாலையில் காலை வேளைகளில் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் தோல் தடிக்கும். வெயில் ஏறிய தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும் என்பதால் இதையெல்லாம் விடியலிலேயே முடித்துவிட வேண்டும்.

மருத்துவ ஏற்பாடு குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டியது. ரேபீஸ், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் தடுப்பூசிகள் நடப்பில் இருக்க வேண்டும். குடற்புழு நீக்கமும் உண்ணிக்கான மருந்தும் புறப்படும் முன்பே போட்டிருக்க வேண்டும். தடுப்பூசிச் சான்று கையில் இருப்பது நல்லது. வெறிநாய்க்கடிக்கும் மலைக்கும் உள்ள தொடர்பு தமிழ்நாட்டில் பழையது: தென்னிந்தியாவில் அந்த நோய்க்கு மருந்து தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் 1907இல் குன்னூர் மலையில்தான் தொடங்கப்பட்டது. சந்தேகமான உடல்நிலை உள்ள நாயைப் புதுச்சேரி ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ முன்கூட்டியே காட்டிவிடலாம்.

போகும் வழியும் நாய்க்கு ஒரு சோதனை. ரயிலில் முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் பதிவு செய்தால் மட்டுமே நாயை உடன் வைத்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் கார்டு பெட்டியிலுள்ள கூண்டுதான். இரைச்சலும் வெக்கையும் நிறைந்த அந்தக் கூண்டில் இரவு முழுக்கக் கிடந்த நாயை மறுநாள் மலையேற்றுவது கொடுமை. பெரும்பாலோர் காரில்தான் போகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் நாய்க்கும் வாந்தி வரும். ஏறுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்திவிட்டு, நடுவில் இருமுறை இறக்கி நடத்தினால் தாங்கும். சேர்ந்த அன்று நடக்காமல் ஓய்வு கொடுப்பது நல்லது.

தடத்தில்

காலம் பொங்கலுக்குப் பிறகு. ஐப்பசி, கார்த்திகையில் மழை. பாதை வழுக்கும், அட்டை மொய்க்கும். மாசி பாதிக்குமேல் புல் காய்ந்து தீப்பிடிக்கும் பருவம் தொடங்கிவிடும். தை மாதமும் மாசி முற்பாதியும்தான் இரண்டுக்கும் இடையிலான நல்ல இடைவெளி.

நாய்க்கு மார்புப்பட்டை பூட்டி, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளக் கயிற்றில் பிடித்து நடப்பதே பாதுகாப்பு. கழுத்துப்பட்டையை மட்டும் நம்பினால், சரிவில் நாய் தவறும்போது கழுத்தில் தொங்கிவிடும். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு மலைக்கு ஆகாது. கயிற்றை மனிதர் இடுப்பில் கட்டிக்கொள்வதும் இறக்கத்தில் ஆபத்து. நாய் பாய்ந்தால் இருவரும் விழுவார்கள். பள்ளம் இருக்கும் பக்கம் மனிதரும் மலைச்சுவர்ப் பக்கம் நாயும் நடக்க வேண்டும்.

நாயின் உடல் இயல்பான வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை. மனிதரைப்போல் உடம்பெங்கும் வியர்த்து அது குளிர முடியாது. நாக்கை நீட்டி இரைப்பதுதான் அதன் வழி. ஏற்றத்தில் மனிதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தொடரும் வேகத்தில், நாய் தன்னைத் தாண்டி உழைத்துக்கொண்டிருக்கும். துணைக்கு வந்தவரை விட்டு நிற்க அதற்கு மனம் வராது, விழும்வரை நடக்கும். ஆகவே நிறுத்த வேண்டியவர் மனிதர். இரைப்பு சத்தமாகி, நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் வெப்ப அதிர்ச்சி நெருங்கிவிட்டது என்று பொருள். உடனே நிழலில் படுக்கவைத்து வயிறு, அக்குள், பாதம் எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். குளிர்வித்துக்கொண்டேதான் மருத்துவரிடம் போக வேண்டும். வண்டி வரட்டும் என்று காத்திருக்கும் நிமிடங்களில் உயிர் போய்விடும்.

தண்ணீரைச் சிறுகச் சிறுக, கால்மணிக்கு ஒருமுறை கொடுப்பது நல்லது. மனிதருக்கு எடுத்துப்போவது போக, நாய்க்கென்று தனியாக இரண்டு லிட்டராவது வேண்டும். தேங்கிய குட்டையில் எலிக்காய்ச்சல் கிருமியும், மூக்கில் ஏறிக்கொள்ளும் அட்டையும் இருக்கலாம். உணவும் கொஞ்சம் கொஞ்சமாகவே. ராஜபாளையம், கன்னி போன்ற ஆழமான மார்புள்ள நாய்கள் வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. அது சில மணி நேரத்தில் கொல்லும். மலையேறுபவர் பையிலிருக்கும் உலர்திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. காய்ச்சலுக்கு மனிதர் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலும் அப்படியே.

மலையில் நாய்க்கு உண்மையான எதிரி சிறுத்தை. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் மனிதர் வாழிடங்களை ஒட்டித் திரிந்த சிறுத்தைகளின் உணவை ஆராய்ந்தபோது, எடைக்கணக்கில் 39 விழுக்காடு வீட்டு நாய்களாக இருந்தன. பொழுது சாய்வதற்கு முன் தங்குமிடம் திரும்புவதும், இரவில் நாயை வாசலில் கட்டாமல் அறைக்குள் வைத்துக்கொள்வதும் கண்டிப்பானவை. நாயை அழைத்து வர அனுமதிக்கும் விடுதியில் அறைக்குள் வைக்க அனுமதி உண்டா என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

காட்டெருமை, கரடி, யானை நடமாடும் இடங்களில் ஆபத்து வேறு விதமானது. கட்டில்லாத நாய் போய்க் குரைத்துச் சீண்டும். விலங்கு திரும்பிப் பாய்ந்ததும் நாய் ஓடி ஒளிவது தன் ஆளின் காலடியில். துரத்தி வரும் விலங்கும் கூடவே வரும். காட்டோர விளைநிலங்களில் பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கண்ணியும், கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காயும், திருட்டு மின்வேலியும் சட்டத்துக்குப் புறம்பானவை என்றாலும் இருக்கத்தான் செய்கின்றன. கொழுப்பு மணக்கும் உருண்டையைக் கவ்விய நாயின் தாடை சிதறிப்போகும். மோப்பம் பிடித்துப் பாதையை விட்டு விலகவிடாமல் கயிற்றைச் சுருக்கிப் பிடிப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. பாம்பு கடித்தால், மனிதருக்குப் போடும் அதே நச்சுமுறி மருந்தைத்தான் நாய்க்கும் கால்நடை மருத்துவர்கள் செலுத்துகிறார்கள். கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டாம், நாயை நடத்தாமல் தூக்கிக்கொண்டு விரைய வேண்டும்.

இங்கே ஓர் எளிய அளவுகோல் உதவும். உடன் வந்தவர்கள் சேர்ந்து ஒரு வேட்டியிலோ போர்வையிலோ நாயைக் கிடத்திச் சாலை வரை தூக்கிவர முடியாத தூரத்துக்குப் போகக் கூடாது. 25 கிலோ நாயை ஒருவர் மட்டும் ஒரு கிலோமீட்டர் சுமப்பதே பெரும்பாடு.

மலையூர்களில் வேறொரு நாயும் வந்து சேரும். கொடைக்கானல் வட்டக்கானலிலும், இமாசலத்தின் திரியுண்ட் தடத்திலும், நடப்பவர்களோடு ஊர் நாய்கள் தாமாகவே கிளம்பிவிடுகின்றன. பிஸ்கட் ஒரு காரணம், ஊர்சுற்றும் இயல்பு இன்னொரு காரணம். நேபாளத்தில் 2018 நவம்பரில் ஒரு தெருநாய் மலையேற்றக் குழுவொன்றைத் தொடர்ந்து 7,129 மீட்டர் உயரப் பருன்ட்சே சிகரத்தின் உச்சிக்கே போய்ச் சேர்ந்தது. மேரா என்று அதற்குப் பெயரிட்டார்கள். பின்னர் குழுவைச் சேர்ந்த ஷெர்பா ஒருவர் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். எல்லா நாய்க்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. ஓர் ஊரின் நாய் மலையைத் தாண்டி அடுத்த ஊரில் விடப்பட்டால், அங்கிருக்கும் நாய்க்கூட்டம் அதைக் கடித்துக் குதறிவிடும். கிளம்பும் இடத்தில் தின்பண்டம் போடாமல் இருப்பதும், தொடர்ந்து வந்துவிட்டால் அது வந்த இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விடுவதும் அதற்குச் செய்யும் உதவி. சொந்த நாயோடு வருபவர், ஊர் நாய்கள் சூழ்ந்தால் ஓடாமல் நின்று, தன் நாயைப் பின்னால் நிறுத்தி, மெல்ல விலகுவதே வழி. கல்லெடுத்தால் கைகலப்புதான்.

நடை முடிந்ததும் வேலை முடிவதில்லை. விரல் இடுக்கு, காது மடிப்பு, அக்குள், வாலடி என்று உடம்பெல்லாம் கையால் தடவி உண்ணி தேட வேண்டும். ஒட்டியிருப்பதை நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். தோலில் ஒட்டிய அட்டையில் கொஞ்சம் உப்போ புகையிலைத் தண்ணீரோ பட்டால் விழுந்துவிடும். மூக்கிலும் கண்ணிலும் அதை முயலக் கூடாது. ஊர் திரும்பிச் சில நாள் கழித்து ஒரு நாசியில் மட்டும் இரத்தம் கசிந்தாலோ ஓயாமல் தும்மினாலோ உள்ளே அட்டை இருக்கக்கூடும். கால்நடை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

உண்ணிக் காய்ச்சல் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தே தலைகாட்டும். அதற்குள் மலைப்பயணத்தை வீட்டார் மறந்திருப்பார்கள். நாய் சோறு மறுத்து, சோர்ந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் செம்பழுப்பாகப் போனால், சூட்டால் வந்தது என்று மோர் ஊற்றிக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எந்த மலைக்கு, எந்தத் தேதியில் போனது என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். இரத்தப் பரிசோதனையில் எதைத் தேடுவது என்று அவர் முடிவுசெய்ய அந்த ஒரு செய்தி பெரிதும் உதவும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் எர்லிக்கியா போன்ற உண்ணி நோய்கள் மருந்தில் குணமாகக்கூடியவை.